தொட்டிகள் காலி, நிலத்தடி நீர்? ரெட் ஹில் எரிபொருள் கிடங்கில் முடியாத வேலை

ஹவாயில் ஹோனலுலு நகரை ஒட்டி அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த ரெட் ஹில் எரிபொருள் கிடங்கு இப்போது காலி. 2023 அக்டோபரில் தொடங்கி 2024 மார்ச்சுக்குள் ஏறக்குறைய 10.4 கோடி கேலன், அதாவது 39 கோடி லிட்டர் எரிபொருளைக் குழாய் வழியாகக் கீழே இறக்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த மலையில் கிணறு தோண்டும் வேலை நடந்தது, தண்ணீர் மாதிரி எடுப்பது தொடர்கிறது. எந்த அளவீட்டை நம்புவது என்று கடற்படையும் ஒழுங்குமுறை அமைப்புகளும் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. 2021இல் மூடிய பெரிய நீராதாரம் ஒன்றை நகரக் குடிநீர் வாரியம் திறக்கத் தயங்கி வந்திருக்கிறது.

“அதான் எண்ணெயை எடுத்தாச்சே, இன்னும் என்ன?” என்று கேட்பது நியாயம்தான். மண்ணுக்குள் போன எரிபொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். கூடவே இன்னொன்றும் புரியும்: ‘மாசு கண்டறியப்படவில்லை’ என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால், எதை, எங்கே, எப்போது அளந்தார்கள் என்று பார்க்காதவரை அந்த வரியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

## மலைக்குள் இருபது தொட்டிகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 கடைசியில் தொடங்கி 1943இல் கட்டி முடித்த கிடங்கு இது. எரிமலைப் பாறையைக் குடைந்து 20 தொட்டிகள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம், 1.25 கோடி கேலன் கொள்ளளவு. விமானத் தாக்குதலிலிருந்து எண்ணெயைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை. மலைமேல் இருப்பதால் பம்ப் இல்லாமலே எரிபொருள் கடற்படைத் தளம் இருக்கும் பேர்ல் துறைமுகம்வரை தானாக ஓடி வரும். அந்தக் காலப் பொறியாளர்கள் பெருமைப்பட்ட வேலை.

தொட்டிகளின் அடியிலிருந்து சுமார் 100 அடி கீழே, ஹோனலுலு இருக்கும் ஓவாஹூ தீவின் முக்கியமான குடிநீர்ப் படுகை இருக்கிறது என்பதுதான் சிக்கல். மழைநீர் நுண்துளைகள் நிறைந்த எரிமலைப் பாறை வழியே இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் நன்னீரும் இதே மாதிரிதான் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும், ஆக ஓர் இடத்தில் கிணற்றை மூடிவிட்டு வேறிடத்தில் இஷ்டத்துக்கு இறைத்துச் சமாளிக்க முடியாது.

## என்ன நடந்தது?

1. 2014 ஜனவரியில், பராமரிப்பு முடிந்து மறுபடி நிரப்பிய 5ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன் கசிந்தது. வெல்டிங் சரியில்லை. மறு ஆண்டு கடற்படையும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஓர் உடன்படிக்கை போட்டன. கிடங்கு தொடர்ந்து இயங்கியது.

2. 2021 மே 6 அன்று குழாயில் திடீரென்று அழுத்தம் ஏறி இணைப்பு விட்டுப்போனது. கொட்டியது கொஞ்சம்தான், பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிட்டோம் என்றார்கள். உண்மையில் ஏறக்குறைய 20,000 கேலன் விமான எரிபொருள், தீயணைப்பு நுரை வடிவதற்காகச் சுரங்கத்தின் கூரையோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு மாதம் அது அங்கே இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தொட்டியில் குறைந்த அளவும் திரும்ப எடுத்த அளவும் இடித்தனவே, அந்தக் கணக்கை அன்றைக்கே துரத்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

3. 2021 நவம்பர் 20 அன்று சுரங்கத்துக்குள் ஓடும் வண்டி ஒன்று, எடை தாங்காமல் தொய்ந்திருந்த அந்தக் குழாயின் வால்வில் மோதியது. எரிபொருள் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கடற்படையின் சொந்தக் குடிநீர் ஆதாரம் இருந்தது. வடிகால் வழியே எண்ணெய் அங்கே போய்ச் சேர்ந்தது.

கடற்படையின் குடிநீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். நவம்பர் கடைசி வாரத்தில் குழாயைத் திறந்தால் மண்ணெண்ணெய் நாற்றம். தலைவலி, வாந்தி, தோல் அரிப்பு என்று குடும்பம் குடும்பமாகப் புகார்கள். தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கு அறிகுறி இல்லை, நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம் என்று முதலில் தளத்தின் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். மூக்கு சொன்னதை ஆய்வகம் உறுதிப்படுத்தச் சில நாள் பிடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓட்டல்களுக்கு மாற்றப்பட்டன. 2022 மார்ச்சில் கிடங்கை நிரந்தரமாக மூடுவதென்று பாதுகாப்புத் துறை அறிவித்தது.

## மண்ணுக்குள் எண்ணெய் என்ன ஆகும்?

டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் தண்ணீரைவிட எடை குறைவு, தண்ணீரோடு கலக்காதவை. ஆனால் ‘கலக்காது’ என்பது முழு உண்மையில்லை. நிலத்துக்குள் போன எரிபொருள் நான்கு வடிவங்களில் இருக்கும்.

1. தனி எண்ணெய். நிறைய கொட்டினால் அது இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் பரவும். எண்ணெயாகவே உறிஞ்சி எடுக்க முடிந்தது இது ஒன்றைத்தான்.

2. துளைகளில் சிக்கிய எண்ணெய். இறங்கும் வழியில் மண் துகள்களுக்கு நடுவிலும் பாறை வெடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகும் உள்ளே பிசுக்கு இருக்குமே, அந்த மாதிரி. இதை எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. இன்னொரு தொல்லை: கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கும். மழைக்காலத்தில் மட்டம் ஏறும்போது எண்ணெயில் ஒரு பங்கு தண்ணீருக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் மெல்லிய படலமாக இருந்தது பல அடி தடிமனுள்ள கறைபடிந்த அடுக்காகிவிடும். பழைய எரிபொருள் இடங்களில் பத்து, இருபது ஆண்டு மாசு நீடிப்பதற்கு இந்த அடுக்குதான் காரணம். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கரைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும்.

3. ஆவி. எளிதில் ஆவியாகும் பகுதி மண்ணின் காற்றிடைவெளிகளில் பரவும். மேலே வீடு இருந்தால் தரை வெடிப்பு வழியே அறைக்குள்ளேயும் வரலாம்.

4. நீரில் கரைந்தது. அளவில் சிறியது, தூரம் போவது இதுதான். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் நன்றாகவே கரையும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, அமெரிக்காவின் உச்சவரம்பு 5. ரெட் ஹில்லில் கொட்டிய ஜே.பி.-5 என்ற விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை என்பதால் பென்சீன் குறைவு. நாஃப்தலீன் வகைச் சேர்மங்கள் அதிகம்.

தொட்டியைக் காலி செய்தது இனிமேல் கசியாமல் தடுத்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே கசிந்து, இரண்டாவது வடிவத்தில் பாறைக்குள் நிற்பது அப்படியேதான் இருக்கிறது.

## கண்காணிப்புக் கிணறு

குடிநீர்க் கிணறு வேறு, கண்காணிப்புக் கிணறு வேறு. குறுகிய துளை போட்டு, குழாய் இறக்கி, நீர்மட்டம் வரும் ஆழத்தில் மட்டும் சல்லடைத் துளைகள் விடுவார்கள். அதைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேலே தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும் பென்டனைட் களிமண் அடைப்பு. இந்த அடைப்பு சரியில்லாவிட்டால் மேலே கொட்டியது துளை வழியாகவே கீழே இறங்கிவிடும், மாசைத் தேடப் போட்ட கிணறே மாசுக்கு வழியாகிவிடும். ரெட் ஹில்லில் தண்ணீரைத் தொடப் பல இடங்களில் நூற்றுக்கணக்கான அடி பாறையைத் துளைக்க வேண்டும். ஒவ்வொரு கிணறும் பெரிய செலவு, மாதக்கணக்கில் வேலை.

மாதிரி எடுப்பவர் முதலில் ஓர் அளவுநாடாவை உள்ளே இறக்குவார். அதன் நுனியில் ஒரு சென்சார். எண்ணெயில் பட்டால் விடாமல் ஒரே ஒலி, தண்ணீரில் பட்டால் விட்டுவிட்டு ஒலி. இரண்டு ஒலிக்கும் நடுவே உள்ள நீளம் மிதக்கும் எண்ணெயின் தடிமன். ஆனால் கிணற்றுக்குள் தெரியும் தடிமன் வெளியே மண்ணில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது வழக்கம், ஆகவே கிணற்றில் ஓர் அடி என்றால் நிலம் முழுக்க ஓர் அடி என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. மழைக்குப் பின் திடீரென்று எண்ணெயே தெரியாமலும் போகும். அது மட்டம் ஏறித் தண்ணீருக்கு அடியில் மறைந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் பம்ப். நிமிடத்துக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான், அதற்கு மேல் வேகம் கூடாது. வேகமாக இழுத்தால் சேறு கலங்கும், ஆவியாகும் சேர்மங்கள் பறந்துவிடும். வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்தும் திறன் எல்லாம் ஏறி இறங்காமல் ஒரு நிலைக்கு வந்தால்தான், குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் போய்ப் படுகையின் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதன்பின் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியை விளிம்புக்கு மேலே தண்ணீர் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூடுவார்கள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு காற்றுக்குமிழி ஏறினாலும் அந்தக் குப்பி தள்ளுபடி, ஏனென்றால் பென்சீன் தண்ணீரை விட்டுக் குமிழிக்குள் குடிபோய்விடும். நல்ல குப்பிகள் ஐஸ் பெட்டிக்குள் போகும். அவற்றோடு ஆய்வகத்திலேயே சுத்தமான நீர் நிரப்பி அனுப்பிய குப்பி ஒன்றும் திறக்காமலே போய்த் திரும்பும். அதிலும் பென்சீன் வந்தால், மாசு கிணற்றிலிருந்து வந்ததா பெட்டிக்குள் ஒட்டியதா என்ற கேள்வி எழும்.

இவ்வளவு சிரத்தை எடுத்தும் ஒரு கிணறு தன்னைச் சுற்றியிருக்கும் சின்னப் பகுதியைப் பற்றித்தான் சொல்லும். மணல் படுகையில் கிணறுகளுக்கு நடுவே உள்ளதை ஓரளவு ஊகிக்கலாம். எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் ஓரிடம் சல்லடை, பக்கத்திலேயே இரும்பு மாதிரி இறுக்கம். எண்ணெய் எந்த வெடிப்பைப் பிடித்துப் போனது என்பது தெரியாமல் போடும் கிணறு, அதைத் தவறவிட எல்லா வாய்ப்பும் உண்டு.

## எண்கள் சொல்வதும் சொல்லாததும்

எரிபொருள் என்பது ஒரே பொருளல்ல, நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அளக்கும் முறையைப் பொறுத்து ஒரே தண்ணீருக்கு மூன்று விதமான விடை வரலாம்.

- எண்ணெயும் கிரீஸும். ஒரு கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிச்சத்தை எடை போடுவார்கள். மலிவு, எளிது. டீசலா சமையல் எண்ணெயா என்று இதற்குத் தெரியாது. பென்சீன் போன்றவை ஆவியாகும்போதே போய்விடும்.
- மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், சுருக்கமாக டி.பி.எச். எரிபொருள் வரம்புக்குள் வரும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். எந்தச் சேர்மம் என்று பிரித்துச் சொல்லாது.
- தனிச் சேர்மங்கள். பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், நாஃப்தலீன் என்று பெயர் பெயராக. உடல்நலக் கேள்விக்கு நேரடியாக உதவுவது இது. பட்டியலில் இல்லாததை இது தேடாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய குழப்பத்தைக் கிளப்பும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. அங்கே மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் சொன்னார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு பல கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் அளவுக்கு மேல் இருப்பதாகக் கண்டது. வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ நச்சுப் பொருட்கள் இல்லை என்றது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. எண்ணெய் எடையை அளப்பதும் பென்சீன் வகைகளைத் தேடுவதும் வேறு வேறு கேள்விகள் என்பதையும், கன எண்ணெய் பழசானால் பென்சீன் இல்லாமலே எண்ணெய் மட்டும் மிஞ்சலாம் என்பதையும் யாராவது முதலிலேயே பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தின்மேல் பொறுப்பைச் சுமத்தி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

ரெட் ஹில்லுக்கு வருவோம். 2021 டிசம்பரில் கடற்படை நீராதாரத்தில் எடுத்த மாதிரியில் டீசல் வரம்பு டி.பி.எச். லிட்டருக்கு 1,40,000 மைக்ரோகிராம் இருந்தது. அப்போதைய எச்சரிக்கை அளவு 400, அதாவது 350 மடங்கு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் மடங்கு மட்டுமில்லை. மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம்தான் கரையும். 140 மில்லிகிராம் வந்தது என்றால், கரையாத எண்ணெய்த் துளிகளே குப்பிக்குள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். மாசு எங்கிருந்தோ மெல்லக் கரைந்து வரவில்லை, எண்ணெயே நீராதாரத்தில் கிடந்தது.

அளவு குறையும்போது சண்டை வேறு விதமாகிறது. 2022 மார்ச்சில் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அறிவித்த பிறகும் சில வீடுகளில் சிறிய அளவு டி.பி.எச். வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் சேர்க்கும் குளோரின், ஆய்வகச் சோதனையின்போது வினைபுரிந்து இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டுகிறது என்று கடற்படையின் நிபுணர் குழு விளக்கம் சொன்னது. வேதியியல்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் 2021 மே மாதக் கணக்கைத் துரத்தாமல் விட்ட அதே இடத்திலிருந்து இந்த விளக்கம் வருகிறது, குடியிருப்பவர்கள் பலர் நம்பவில்லை என்றால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

## சுத்தம் செய்யும் வழிகள்

மேலோட்டமான மண் என்றால் தோண்டி அள்ளிவிடலாம். பெட்ரோல் பங்க் இடங்களில் பெரும்பாலும் அதுதான் முதல் வேலை. நூறு அடிக்குக் கீழே பாறைக்குள் இருப்பதைத் தோண்ட முடியாது. மிச்சமிருப்பவை இவை:

1. காற்றை ஓட்டுவது. மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சலாம். இது பெட்ரோலுக்குச் சரிப்படும். விமான எரிபொருள் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, அதனால் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கொடுத்து அவற்றையே தின்ன வைப்பார்கள்.

2. இறைத்துச் சுத்திகரிப்பது. 2022 ஜனவரி கடைசியிலிருந்து ரெட் ஹில் நீராதாரத்தில் ஒரு நாளைக்கு 50 லட்சம் கேலன்வரை இறைத்து, பெரிய கார்பன் ஃபில்டர்களில் வடிகட்டி, ஹாலவா ஓடையில் விட்டார்கள். மாசுபட்ட நீரைத் தன் பக்கமே இழுத்து, வெளியே பரவாமல் பிடித்து வைப்பது இதன் முதல் நோக்கம். தண்ணீர் பற்றாத தீவில் இவ்வளவையும் ஓடையில் விடுவதா என்ற கோபமும் எழுந்தது. இறைக்கும்போது அளவு குறையும், நிறுத்திச் சில மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஏறும். துளைகளில் சிக்கியிருக்கும் எண்ணெய் திரும்பக் கரைவதே காரணம். அதனால்தான் ‘அளவு குறைந்துவிட்டது’ என்பதை இறைப்பதை நிறுத்திய பிறகும் அளந்து பார்க்க வேண்டும்.

3. இயற்கையாகச் சிதைய விட்டுக் கண்காணிப்பது. கேட்பதற்குச் சும்மா இருப்பதுபோல் தெரியும், ஆனால் ஒழுங்காகச் செய்தால் மதிப்புள்ள முறை. பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்னும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு நைட்ரேட், சல்பேட் தீரும். கரைந்த இரும்பும் மீத்தேனும் ஏறும். இந்தத் தடயங்கள் கிணற்றில் தெரிந்தால் சிதைவு நடக்கிறது என்று சொல்லலாம். தடயம் காட்டாமல் ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்றால் அது கைவிட்டதற்கு வைத்த பெயர்.

இதில் எதற்கும் அடங்காத ஒன்றும் ரெட் ஹில்லில் சேர்ந்துவிட்டது. 2022 நவம்பர் 29 அன்று தீயணைப்பு நுரைக்கான அடர்கரைசல் சுமார் 1,300 கேலன் கொட்டியது. அதிலுள்ள பிஃபாஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைப் பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்பதுபோல் தின்று தீர்ப்பதில்லை. எண்ணெய்க்காகத் தொடங்கிய கண்காணிப்பில் இப்போது இதற்கும் தனிப் பட்டியல்.

## தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

கடைசியில் எல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. தொட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் பெரும்பாலும் கடற்படையின் நீராதாரத்தை நோக்கியே போகிறது என்றால், அங்கே இறைத்துக்கொண்டிருப்பதே போதும். பள்ளத்தாக்கைக் கடந்து வடமேற்கே நகரக் குடிநீர் வாரியத்தின் ஹாலவா நீராதாரத்தை நோக்கியும் போகிறது என்றால், நகர மக்களின் குடிநீருக்கே ஆபத்து. நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கக் கடற்படை தயாரித்த கணினி மாதிரிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் மாநிலச் சுகாதாரத் துறையும் ஏற்கவில்லை. கிணறுகளில் உண்மையில் அளந்ததோடு அவை பொருந்தவில்லை என்பது ஆட்சேபம். தரைமட்டச் சரிவு வைத்து ஓட்டத்தைக் கணிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் இந்தப் பாறையில் நீர்மட்டம் ஏறக்குறைய சமதளமாக இருக்கிறது. கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம் மிகச் சிறியது, அளவுப் பிழையே அதை விழுங்கிவிடும்.

குடிநீர் வாரியம் 2021 டிசம்பரில் ஹாலவா நீராதாரத்தை மூடியது, அருகிலிருந்த வேறு இரண்டு இடங்களிலும் இறைப்பதை நிறுத்தியது. 2022இல் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி நகரத்திடம் கேட்க வேண்டியிருந்தது. மாற்றுக் கிணறுகளுக்கும் மற்ற செலவுகளுக்குமாக 2023இல் கடற்படையிடம் 120 கோடி டாலர் கேட்டது. நோய்வாய்ப்பட்டவர்கள் போட்ட வழக்கில், முன்னோடியாக எடுத்துக்கொண்ட 17 பேருக்கு மொத்தமாக 6.8 லட்சம் டாலருக்குச் சற்று மேல் தர 2025 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஹாலவாவைத் திறந்து பார்த்தால்தானே தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே பெரிய பம்பை ஓட்டினால் சுற்றியிருக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் இழுபடும், ரெட் ஹில்லுக்கு அடியில் நிற்பதும் சேர்ந்து. இழுக்கிறதா என்று சோதிக்க இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் இரண்டுக்கும் நடுவே போதுமான கண்காணிப்புக் கிணறுகள் வரிசையாக அமைந்து, பல மழைக்காலங்களின் அளவுகள் கையில் கிடைக்கும்வரை பம்பை ஓட்ட வாரியம் தயங்கி வந்திருக்கிறது.